தாசில்தாருக்கு நான் காட்டிய வெளிச்சம்

இருபத்து நான்கு வயதில் எனக்குத் தெரியாத விஷயங்கள் இரண்டோ மூன்றோதான் இருந்தன. அவை என்னென்ன என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். தெரியாத விஷயத்தை எப்படிச் சொல்வது? பட்ட பிறகுதான் பட்டியல் கைக்கு வந்தது. ஒரு தாசில்தார் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார் என்பதை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்பது அந்தப் பட்டியலில் முதல் வரி.

எழுபதுகளின் பின்பாதி. தஞ்சாவூருக்குக் கிழக்கே, பெயரைச் சொல்லாமல் விட்டால் எல்லோருக்கும் நல்லது என்று நான் நினைக்கும் ஓர் ஊரில் ஒரு தனியார் கலைக் கல்லூரி. அதில் நான் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். (பேராசிரியர் பாடம் நடத்துவார், டெமான்ஸ்ட்ரேட்டர் வயர் சுற்றுவார். அவ்வளவுதான் வித்தியாசம்.) வேலை தற்காலிகம். வருடாவருடம் ஏப்ரலில் நிர்வாகம் மனம் வைத்தால் ஜூனில் மறுபடி வரலாம். அந்த வருடம் என்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். எனக்கு அந்த நேர்த்திக்கடன் சற்றுக் கௌரவக் குறைவாகவே பட்டது. என்னைப் போன்ற ஒருத்தியை நிரந்தரமாக்க மாதா வேறு சிரமப்பட வேண்டுமா என்று நினைத்தேன்.

எங்கள் தெருவில் எம்.எஸ்ஸி. படித்தது நான்தான் முதல். அப்பா சவரிமுத்து விவசாயத் தொழிலாளி. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவரும்கூட. வேலைக்கான விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. நடவும் அறுப்பும் விவசாயம்தான். யாருடைய நிலத்தில் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

கட்டம் இல்லாதது நல்லதாயிற்று. ஏனென்றால் எங்கள் கல்லூரித் தாளாளர் பெரிய மிராசுதார். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் மிராசுதாரையும் சங்கத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாது. சொன்னால் இரண்டுக்கும் நடுவில் ஒரு போலீஸ் வேன் வந்து நிற்கும். அதிலும் எங்கள் தெருவின் நாற்பது வீடுகள் நின்ற மனை, தாளாளருடைய சம்பந்தி வீட்டு நிலம். குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்ததே தவிர பட்டா வரவில்லை. மனுவை நேரில் வாங்கி விசாரிக்க வேண்டியவர் தாசில்தார். அப்பாவும் சங்கத்து ஆட்களும் மூன்று முறை தாலுகா ஆபீசுக்கு நடந்தார்கள். மூன்று முறையும் 'ஐயா கேம்ப்' என்றே பதில் வந்தது. கேம்ப் எந்த ஊரில் என்று கேட்டால் அது கேம்ப்புக்கே தெரியாது என்பது போலச் சிரித்தார்களாம்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடக் கல்லூரி விஞ்ஞானக் கண்காட்சிக்கு அமைச்சரே வருவதாக முதலில் இருந்தது. கட்சி மாநாடு குறுக்கே வந்ததால் அமைச்சர் கழன்றுகொண்டார். அந்த இடத்துக்குத் தாளாளர் தாசில்தாரைப் பிடித்தார். துறைத் தலைவர் ராஜகோபாலன் சார், மெட்ராஸில் தாம் ஆராய்ச்சி செய்த இடத்திலிருந்து ஒரு லேசர் குழாயை இரவல் வாங்கி, ரயிலில் மடியில் குழந்தை போல வைத்துக்கொண்டு வந்து சேர்த்தார். அதை வைத்து என்ன காட்டுவது என்று யோசனை நடந்தபோது நான் எழுந்து, வெளிச்சத்தைத் திறந்து மூடிக் காட்டுகிறேன் என்றேன். சுவிட்சைப் போட்டு அணைப்பதையா சொல்கிறாய் என்று சார் கேட்டார். இல்லை, விளக்கு எரிந்தபடியே இருக்கும், வெளிச்சம் மட்டும் என் பேச்சைக் கேட்டு வரும், போகும் என்றேன்.

விஷயம் இதுதான். முழுக்கப் பிரதிபலிக்காமல் துளி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிற இரண்டு கண்ணாடிகளை எதிரெதிராக நிறுத்த வேண்டும். நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி. அதற்குள் நுழைந்த ஒளி இங்கும் அங்கும் பல தடவை மோதித் திரும்பும். இடைவெளி மிகச் சரியான அளவில் இருந்தால், போய்த் திரும்புகிற ஒளியெல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வரும். அந்த அளவு ஒரு துளி பிசகினால் ஒளி வந்த வழியே திரும்பிவிடும், மறுபக்கம் இருட்டு. துளி என்றால் தலைமுடியை முந்நூறாகப் பிளந்து அதில் ஒரு பிளவு. அதாவது கண்ணாடிதான் மதகுப் பலகை, ஒளிதான் தண்ணீர். முடிப்பிளவு அளவுக்குப் பலகையை நகர்த்தினால் வாய்க்கால் நிறைய வெளிச்சம், இல்லாவிட்டால் வறட்சி.

அவ்வளவு நுணுக்கமாகக் கண்ணாடியை நகர்த்த ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஸ்பீக்கரைப் பிடித்தேன். அதன் காகிதக் கூம்பின் நடுவில் ஒரு கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டினேன். பேட்டரி ஒன்று, திருகு ஒன்று. திருகைத் தொட்டால் கூம்பு அசையும், கண்ணாடி அசையும், சுவரில் சிவப்புப் பொட்டு எரியும், அணையும். முதல் நாள் அது எரிந்து அணைந்ததைப் பார்த்தபோது, காவிரிக்கு மேட்டூரில் அணை கட்டியவர்களுக்குக்கூட இவ்வளவு கர்வம் இருந்திருக்காது.

ஒரே ஒரு தொல்லை. ஸ்பீக்கர் என்பது சத்தம் போடுவதற்கு மட்டுமல்ல, சத்தத்தைக் கேட்பதற்கும் தெரிந்த பிறவி. யாராவது இருமினால் பொட்டு துடித்தது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் ஆடியது. எனவே உலகத்தை அமைதிப்படுத்தக் கிளம்பினேன். ஒரு கார் டியூபில் காற்றடித்து மேஜை மேல் வைத்தேன். அதன் மேல் ஒரு பெரிய தட்டு, தட்டு நிறைய வெண்ணாற்று மணல், மணலில் கண்ணாடிகள். லேசர் தனியாக ஒரு ஸ்டூலில். ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம். மின்விசிறிக்குத் தடை. வாசலில் என் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு: 'காலணிகளை வெளியே விடவும். பேசக் கூடாது. மெதுவாக நடக்கவும்.'

கல்லூரிக்குப் பின்னால் ஒரு ரைஸ்மில் இருந்தது. அதன் உரிமையாளர் கூத்தாநல்லூர்க்காரர், பெரியவர். வெள்ளிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் மில்லை நிறுத்த முடியுமா என்று நேரில் போய்க் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.

"எம் மில்லு ஓடுனா உங்க வெளிச்சம் நடுங்குமாம்மா?"

"நடுங்கும்ங்க."

"அப்ப அதுக்குக் காய்ச்சலா இருக்கும். டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்றார். ஆனாலும் ஜும்மா தொழுகைக்குச் சற்று முன்னதாகவே நிறுத்திவிட்டால் போயிற்று என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்.

ஆக மில் நின்றது, விசிறி நின்றது, செருப்பு நின்றது. என் வெளிச்சத்தை ஆட்டுவிக்க இனி இந்தப் பிரபஞ்சத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஊருக்குப் போனேன்.

அங்கே சாப்பிட்டு முடித்ததும், வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குத் தாசில்தாரே வந்து என் மேஜைக்கு முன்னால் நிற்கப் போகிறார் என்று வீட்டில் அறிவித்தேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நிச்சயமாக வருவாரா என்று கேட்டார். எழுத்தில் கொடுத்திருக்கிறார் என்றேன். எவ்வளவு நேரம் இருப்பார் என்று கேட்டார். ஒரு மணி நேரமாவது இருக்க வைப்பேன் என்றேன். ஆய்வுக்கூடம் எந்தப் பக்கம், வாசல் ஒன்றா இரண்டா என்றெல்லாம் கேட்டார். அவர் என் படிப்பைப் பற்றி இவ்வளவு விவரமாக விசாரித்தது அதுதான் முதல் தடவை. தங்கையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கேட், நூலகம், வராந்தா, ஆய்வுக்கூடம் எல்லாம் போட்டு வரைபடமே வரைந்து கொடுத்தேன். (அம்பு வேறு போட்டேன்.) அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகள் வரைந்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை. தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவர் வரவேற்புரை ஆற்றினார். 'ஒளியே, ஒப்பற்ற ஒளியே, ஒடுங்கியோர் ஓங்கிட ஒளிர்ந்த ஒளியே' என்று ஆரம்பித்து, ஒகர வரிசை தீரும் வரை விடவில்லை. பிறகு விருந்தினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இருட்டறைக்குள் வந்தார்கள். தாசில்தார் ஐம்பதை எட்டுகிறவர், பழைய பேப்பர் போல மடிப்பு மடிப்பாகக் களைத்த முகம். தாளாளர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் நான்கைந்து ஆசிரியர்கள். ராஜகோபாலன் சார் என் காதருகில் வந்து, வெளிச்சத்தை மட்டும் காட்டினால் போதும், பிரசங்கம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

மதகு உதாரணம் தாசில்தாருக்குப் பிடித்துவிட்டது. ஆகவே அவரையே உத்தரவு போடச் சொன்னேன். அவர் "திற" என்றார். நான் திருகைத் தொட்டேன், சுவரில் சிவப்புப் பொட்டு பளிச்சென்று வந்தது. "மூடு" என்றார். போயிற்று. மறுபடி திற, மறுபடி மூடு. அந்தக் களைத்த முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது.

"அரசாங்க உத்தரவுக்கு உடனே கட்டுப்பட்டது என் சர்வீஸ்லேயே இது ஒண்ணுதாம்மா" என்றார்.

தாளாளர் இருட்டில் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். நிரந்தரம் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அப்போதுதான் பொட்டு தானாகக் கண் சிமிட்டியது. ஒரு தடவை. பிறகு இரண்டு தடவை வேகமாக. பிறகு ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று சீராக.

நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றார் தாசில்தார். அடுத்த அயிட்டம் போலிருக்கிறது, தாளமெல்லாம் போடுகிறதே என்று தாளாளர் மகிழ்ந்தார். ராஜகோபாலன் சார் மில்லா என்று கேட்டார். மில்லுக்கு இந்தத் தாளம் வராது என்றேன். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல்கள் அடைத்த அறை. ஆனால் என் கருவிக்குக் கேட்டுவிட்டது. இந்த நேரத்தில் புத்தியுள்ளவள் பேட்டரியைக் கழற்றியிருப்பாள். நானோ, காதுக்கு எட்டாததைக்கூட என் வெளிச்சம் கண்டுபிடிக்கிறது என்று பெருமையோடு விளக்கினேன். வெளியே ரொம்ப தூரத்தில் ஏதோ விசேஷம், தாளத்தைப் பார்த்தால் கல்யாணம் என்று தீர்ப்பும் சொன்னேன்.

பொட்டு இன்னும் பலமாகத் துடித்தது. தாசில்தாருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏம்மா, எதாவது தப்பா?"

கதவு திறந்து, பியூன் கோவிந்தசாமி தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "தப்புதாங்கய்யா" என்றார். "ஒண்ணு ரெண்டு இல்ல, பத்து தப்பு. கேட்டுக்கு வந்தாச்சு. பின்னாடி ஊர்வலம்."

(தஞ்சைப் பக்கம் பறைக்குத் தப்பு என்று பெயர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு நடந்ததற்கு எந்த அர்த்தமும் பொருந்தும்.)

என்ன ஊர்வலம் என்று தாளாளர் கேட்டார். மனைப் பட்டா கேட்டு வருகிறார்கள், தாசில்தார் ஐயாவைப் பார்க்க வேண்டுமாம் என்றார் கோவிந்தசாமி. நான்காக மடித்த அந்தத் தாள் கண் முன்னால் வந்து நின்றது. அம்புக்குறி உட்பட.

தாசில்தார் களைப்பெல்லாம் போய் விழித்துக்கொண்டார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, தணிந்த குரலில், "ஏம்மா, கிட்ட வர்றாங்களா, தள்ளிப் போறாங்களா, அதைச் சொல்லுமா இது?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் என்ன ரகம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே வருவது என் அப்பா. உள்ளே இருப்பது என் வேலை. இந்த இரண்டையும் ஒரு நொடி மறந்துவிட்டு, "சொல்லும்ங்க" என்றேன். கருவியைப் பற்றி யாரோ அறிவோடு ஒரு கேள்வி கேட்டுவிட்டார்களே!

துடிப்பு பெரிதானால் கிட்டே, சிறிதானால் தூரம். பொட்டைப் பார்த்து வர்ணனை கொடுக்க ஆரம்பித்தேன். கேட்டைத் தாண்டிவிட்டார்கள். நூலகத்துக்குப் பக்கம் வந்துவிட்டார்கள். இப்போது வராந்தா. பொட்டு அலறுவது போல ஆடியது. இப்போது காதுக்கும் சத்தம் நன்றாகவே கேட்டது, ஆனால் யாரும் காதை நம்பவில்லை, எல்லோரும் சுவரைத்தான் பார்த்தார்கள். திடீரென்று பொட்டு ஆடாமல் நின்றது. குத்திய ஆணி போல நின்றது.

"போயிட்டாங்க" என்றேன்.

நிச்சயமா என்றார் தாசில்தார். நிச்சயம், வெளிச்சம் பொய் சொல்லாது என்றேன். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாளாளர் பெருமூச்சு விட்டு, இந்தக் கருவியைக் கல்லூரியில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். (கருவியை.)

கதவு மெதுவாகத் திறந்தது. வெளிச்சத்துக்கு நடுவில் அப்பா நின்றார். வெறுங்காலோடு. பின்னால் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர், அவர்களும் வெறுங்காலோடு. வராந்தாவில் செருப்புகள் வரிசையாக இருந்தன. தப்புகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததைக் கோவிந்தசாமி பிற்பாடு சொன்னார். அப்பா வாசலில் என் அறிவிப்பை எழுத்துக் கூட்டிப் படித்தாராம். படித்த பிள்ளை எழுதியிருக்கிறது, மதிக்க வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் அடக்கினாராம். என் கண்காட்சிக்கு வந்தவர்களில் என் அறிவிப்பை முழுசாக மதித்தவர்கள் அவர்கள்தான். தமிழ்த் துறை ஆசிரியர்கூடச் செருப்போடுதான் வந்திருந்தார்.

அப்பா இரண்டடி மெதுவாக எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

"ஐயாவுக்கு வணக்கம். ஆபீசுக்கு மூணு தடவ வந்தோம், கேம்ப்னாங்க. கேம்ப் இங்கதான்னு தெரிஞ்சுது. வந்துட்டோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக் கைகூப்பினார்.

"டீச்சரம்மா மன்னிக்கணும். உங்க வேலைக்கு எடைஞ்சல் பண்ணிட்டோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. என் வேலைக்குப் பங்கம் வரக்கூடாது என்று, பெற்ற மகளைத் தெரியாதவள் போல நடிக்க வீட்டிலிருந்தே தீர்மானித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு நிற்பது. எந்த முட்டாளுக்கும் முடிகிற காரியம். தாசில்தார் வேறு வழியில்லாமல் மனுவை வாங்கினார். பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று அப்பா பணிவாகக் கேட்டார். கையெழுத்துப் போட ஓர் இடம் வேண்டுமே. அப்பா நகலைப் பக்கத்தில் இருந்த மேஜை மேல் விரித்து, காற்றில் பறக்காமல் முழங்கையை ஊன்றினார். என் தட்டின் ஓரத்தில். என் கார் டியூபுக்கு நேர் மேலே. இரண்டு வாரமாக முடிப்பிளவு முடிப்பிளவாக நான் சரிபண்ணிய கண்ணாடிகள் மணலில் சரிவதைப் பார்த்தேன்.

"அப்பா, மேஜையில சாயாதீங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. பழக்கமான குரலில், வீட்டில் அதட்டுகிற அதே சுருதியில் வந்தது.

அப்பா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அதுவும் வீட்டுப் பழக்கம்தான். சுவரில் பொட்டு மட்டும் லேசாக நடுங்கியது.

"யாரு அப்பா?" என்றார் தாளாளர்.

அப்பா முந்திக்கொண்டார். "வயசுக்கு மரியாதையா சொல்றாங்கய்யா. நல்ல கொணம்."

எவ்வளவு அழகான பதில். அதை அப்படியே விட்டிருக்கலாம். தாளாளர் பாதி நம்பியும்விட்டார். ஆனால் எண்ணெய் தேய்த்து வாரிய தலையும், சலவை செய்த ஒரே சட்டையுமாக, என்னைத் தெரியாதவராக அவர் நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. நியாய உணர்ச்சியா, முன்யோசனை இல்லாத கோளாறா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"இல்லைங்க. என்னைப் பெத்த அப்பா" என்றேன். அதோடு நிறுத்தினேனா? இல்லை. "தாசில்தார் வர்ற நேரத்தைச் சொன்னதும் நான்தாங்க" என்று உண்மையை முழுசாக ஒப்படைத்தேன். வரைபடத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

தாளாளரால் நிற்க முடியவில்லை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அறையில் இருந்ததெல்லாம் என் மேஜைதான். இரண்டு கைகளையும் தட்டின் மேல் ஊன்றி, முழு பாரத்தையும் போட்டார். அப்பாவின் முழங்கைக்குத் தாக்குப்பிடித்த டியூப், மிராசுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.

டமார் என்று வெடித்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் அது என்ன என்று விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஆசிரியர்கள் கதவை நோக்கிப் பாய்ந்தார்கள். ராஜகோபாலன் சார் லேசர் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தாசில்தார் எங்கே போனார் என்று தெரியவில்லை. தட்டு கவிழ்ந்து வெண்ணாற்று மணல் முழுவதும் தாளாளரின் வேட்டியில் கொட்டியது. இரண்டு கண்ணாடிகளும் தரையில் விழுந்து நொறுங்கின. வழியில் நின்ற கண்ணாடிகள் போய்விட்டதால், லேசர் ஒளி தங்குதடையில்லாமல் நேராகப் போய்ச் சுவரில் விழுந்தது. ஒரு நாளும் இல்லாத பிரகாசம். யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை.

அப்பாதான் முதலில் நிதானத்துக்கு வந்தார். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"டியூப்தாங்கய்யா. ஒட்டுப் போட்ட எடம் விட்டுருச்சு. வெளிய வாங்க."

தாசில்தார் வெளியே வருகிற அவசரத்தில் இல்லை. அடியில் உட்கார்ந்தபடியே, அந்தப் பேனாவைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். என் செய்முறை நோட்டை முட்டியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் நகலை வைத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதி போட மறந்துவிட்டார் என்று அப்பா பணிவாக நினைவூட்டினார். தேதியும் போட்டார். பயந்து போட்டாலும் அரசாங்கக் கையெழுத்து அரசாங்கக் கையெழுத்துதானே. அந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு சங்கம் மேலிடம் மேலிடமாக ஏறி, கோப்பை நகர்த்தியது.

ஊர்வலம் திரும்பியது. அவரவர் செருப்பை அவரவர் மாட்டிக்கொண்டு, கேட் தாண்டும் வரை தப்பை எடுக்காமல், மெதுவாக நடந்தே போனார்கள்.

எனக்கு மறுநாள் மெமோ வந்தது. விருந்தினரின் நிகழ்ச்சி விவரத்தை வெளியாருக்குத் தெரிவித்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். என் தந்தை வெளியார் அல்ல என்று ஆரம்பித்து, கருவி எப்படி வேலை செய்தது என்று படத்தோடு நான்கு பக்கம் பதில் எழுதினேன். ஏப்ரலில் நிர்வாகம் மனம் வைக்கவில்லை. ஒரு வாரம் ஊரில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். தன்னம்பிக்கைக்கு அதற்கு மேல் படுக்கத் தெரியவில்லை, எழுந்துவிட்டேன்.

ராஜகோபாலன் சார் எனக்கு ஒரு நற்சான்றிதழ் கொடுத்தார். அதில் ஒரு வரி: 'இவர் அமைத்த கருவி, இவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் கட்டுப்பட்டது, அவ்வளவு நுட்பமானது.' அதைப் படித்துவிட்டு மெட்ராஸில் ஒரு பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்து, நடந்ததை ஒரு மணி நேரம் கேட்டு, என்னை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டார். பிறகு முப்பது வருடம், கண்ணாடியை அசைத்து ஒளியை ஆளுவதும், அசையக் கூடாதபோது அதை அசையாமல் நிறுத்துவதுமே என் பிழைப்பாக இருந்தது. கார் டியூபை மட்டும் திரும்பத் தொடவில்லை.

பட்டா வர இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. பள்ளிக்கூட மைதானத்தில் மேஜை போட்டு, புதிதாக வந்த ஒரு தாசில்தார் வழங்கினார். எனக்கு அப்போது மெட்ராஸில் பரீட்சை, போக முடியவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட அப்பாவைக் கூப்பிட்டார்களாம். அப்பா மேஜையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையை மட்டும் எட்டி நீட்டினாராம். பக்கத்தில் வந்து நிதானமாகப் போடுங்கள் பெரியவரே என்று தாசில்தார் சொல்லியிருக்கிறார்.

"வேணாங்கய்யா" என்றாராம் அப்பா. "மேஜையில சாஞ்சா எம் பொண்ணு திட்டும்."

அது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. வங்கியோ, பள்ளிக்கூடமோ, யார் எங்கே கையெழுத்துப் போடப் போனாலும், கூட இருப்பவர் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. போன வருடம் என் மகளின் கல்யாணத்தில், கோயில் ரிஜிஸ்தரில் கையெழுத்திட மாப்பிள்ளை குனிந்தார். முதல் வரிசையிலிருந்து என் தங்கை, சாயாமல் போடுங்க மாப்பிள்ளை என்று சொல்ல, அந்தப் பையன் பதறிக் கையைத் தூக்கிவிட்டார். பேனா இழுத்துக்கொண்டு போய்ச் சாட்சிக் கட்டத்தில் நின்றது. பாதிரியார் வருத்தப்பட்டார். நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முக்கியமான கையெழுத்து எதுவும் இதுவரை நேராக விழுந்ததில்லை.